நடுவில் வெட்டும் பொடி

பிப்ரவரி 3

அக்கா,

இதைக் கொண்டுவந்து கொடுப்பவன் உன் ஆஸ்பத்திரி லாண்டரிக்குச் சோப்புப் பொடி டிரம் இறக்கும் லாரி டிரைவர்தான். மீசை என்றால் எல்லோருக்கும் தெரியும். நம்பலாம். போன் பண்ணித் தொலைக்காதே. போலீஸ்காரன் காதை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். சொல்ல வேண்டியதை எழுதி மீசையிடம் கொடு. படித்ததும் இதைக் கிழித்துப் போடு.

துறைமுகத்துப் பக்கம் ஒரு ஐஸ் ஃபாக்டரியில் மீன் வெட்டுகிறேன். மாட்டை உரித்தவனுக்கு மீனெல்லாம் ஒரு வேலையா? கைதான் மரத்துப்போகிறது. சாயங்காலம் விரலைக் கடித்துப் பார்த்தாலும் உறைக்கவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். உன் குளியலறையில் அழுக்குத் துணிக் கூடைக்கு அடியில் என் நீலச் சட்டை இருக்கிறது. மாடு வெட்டுகிற கூடத்தில் கம்பெனி கொடுத்த சட்டை, நெஞ்சில் என் நம்பர் தைத்தது. எரித்துவிடாதே. ஆளுக்கு இரண்டு சட்டை கொடுத்திருக்கிறார்கள். ஒன்று என் லாக்கரில் இருக்கிறது. இன்னொன்று எங்கே என்று கேட்டால் காட்டியாக வேண்டும். நான் அன்று ஷிஃப்டில் இருந்தேன் என்று ஃபோர்மேன் சொல்லிவிட்டான். அவன் பார்த்த இரண்டு தடவையும் நான் இருந்தேன், அதனால் அவன் சொன்னது பொய்யும் இல்லை. நடுவில் எலும்பு வண்டி போகும் கேட் வழியாகப் போய்விட்டு வந்தேன்.

திரும்பி வந்ததும் நானே அலசினேன். கத்தி கழுவுகிற தொட்டியில் கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கும், உனக்குத்தான் சொல்லியிருக்கிறேனே, கத்தியை முக்கினால் ஒரு கிருமி தங்காது. அதில் சட்டையை முக்கி முக்கி எடுத்தேன். ரத்தம் போகவில்லை, பழுப்பாகப் பிடித்துக்கொண்டது. மேலே ஏப்ரனைக் கட்டிக்கொண்டு ஷிஃப்டை முடித்துவிட்டு உன் வீட்டுக்கு வந்தேன். நீ டூட்டியில் இருந்தாய்.

ஊர் ரத்தமெல்லாம் துவைக்கிறாய். தம்பி சட்டை ஒன்றைத் துவைக்க மாட்டாயா?

அந்த வெல்டர் இருக்கிறானா, போய்விட்டானா? அதை எழுது. குட்டி என்ன சொல்கிறாள்?

தம்பி


பிப்ரவரி 6

டேய்,

உன் கடிதத்தைக் கிழிக்கவில்லை. கிழி என்று நீ சொன்னதாலேயே கிழிக்கவில்லை.

இருக்கிறான். எப்படித் தெரியும் என்றால், மூன்றாம் மாடி தீவிர சிகிச்சைப் பிரிவுத் துணியெல்லாம் குழாய் வழியாக நேரே என் தலைக்கு மேல்தான் வந்து விழுகிறது. மூட்டையில் படுக்கை நம்பர் ஒட்டியிருப்பார்கள். அவன் படுக்கைத் துணி காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை வருகிறது. பிரித்தால் ரத்தம். ரத்தம் வருகிற வரைக்கும் ஆள் இருக்கிறான் என்று அர்த்தம். நீ குத்தியதை நான் நாள்தோறும் அலசிக்கொண்டிருக்கிறேன்.

குட்டி என்ன சொல்கிறாள் என்று வெட்கமில்லாமல் கேட்கிறாய். அவள் லாக்கப்பில் இருக்கிறாள். உன் கூடப் பிறந்தவள், உனக்கு அடுத்துப் பிறந்தவள், லாக்கப்பில் இருக்கிறாள். கத்தி அவள் சமையலறைக் கத்தி. புருஷன் வயிற்றிலிருந்து அதைப் பிடுங்கியது அவள் கை. கையில் கத்தியோடு வாசலில் வந்து நின்று கத்தியதைப் பக்கத்து வீட்டுக்காரி பார்த்திருக்கிறாள். "எங்கண்ணன் குத்திட்டுப் போயிட்டான்"னு தொண்டை கிழியச் சொல்லியிருக்கிறாள். யார் கேட்டார்கள்? இன்ஸ்பெக்டர் என்னிடமே சொன்னார்: "ஃபோர்மேன் உங்க தம்பி ஷிஃப்ட்ல இருந்தாருன்னு எழுதிக் கொடுத்துட்டாரும்மா. இது புருஷன் பொண்டாட்டி சண்டை. தினம் பாக்கறோம்."

அவர் என் வீட்டுக்கு வந்தார். குளியலறைச் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டுதான் தண்ணீர் வாங்கிக் குடித்தார். எனக்கு உயிர் உயிராக இல்லை. "லாக்கர்ல ஒரு சட்டைதான் இருக்கு. இன்னொண்ணு சுத்தமா வந்து சேர்ந்துட்டா உங்க தம்பி பேரை எடுத்துட்டு, பொண்ணு மேல கேஸைப் போட்டு முடிச்சிடுவேன். வரலேன்னா ஆளைத் தேடணும்" என்றார். ஆக, அந்தச் சட்டையைத் துவைத்தால் குட்டி உள்ளே. துவைக்காவிட்டால் நீ உள்ளே. நல்ல இடத்தில் கொண்டுவந்து என்னை நிறுத்தினாயடா.

சட்டையை எடுத்துப் பார்த்தேன். மடையா, ரத்தத்தில் வெந்நீர் ஊற்றுவானா ஒருத்தன்? முட்டையை வேகவைத்தால் அது திரும்பக் குழகுழவென்று ஆகுமா? வேலைக்குப் புதிதாக வருகிற பெண்களுக்கு நான் முதல் நாள் சொல்லிக் கொடுப்பதே அதுதான்: "ரத்தமா, பச்சைத் தண்ணி. வெந்நீர் பக்கம் போனே, கையை ஒடிப்பேன்." நீ கத்தி கழுவுகிற பழக்கத்தில் அவன் ரத்தத்தை வேகவைத்து நூலுக்கு நூல் ஒட்டிவிட்டாய்.

வெந்த ரத்தத்தையும் எடுக்கலாம். பொடிக் கம்பெனி ஆள் ஒருத்தர் வந்து எங்களுக்கு விளக்கியிருக்கிறார். ரத்தம், சீழ், முட்டை எல்லாம் மணி கோத்த மாலை மாதிரியாம், அவ்வளவு நீளமாம். அதை நுனியிலிருந்து ஒவ்வொரு மணியாகக் கழற்றுகிற என்சைம் ஒரு ரகம். அதை நம்பினால் கழற்றிக்கொண்டே இருக்க வேண்டியதுதான். எங்கள் டிரம்மில் இருப்பது வேறு ரகம். நுனியை அது திரும்பிக்கூடப் பார்க்காது. நேராக மாலைக்குள் புகுந்து நடுவில் வெட்டும். அங்கே ஒரு வெட்டு, இங்கே ஒரு வெட்டு. துண்டு துண்டானது தண்ணீரோடு போய்விடும். தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்க வேண்டும். கொதிநீர் பட்டால் அந்த என்சைமே செத்துவிடும், பிறகு அது வெறும் மாவுதான். உன் சட்டையை ஒரு பகல் முழுக்க ஊற வைத்தால் போய்விடும்.

இதை எதற்கு உனக்குச் சொல்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை. நீயாகவே வந்து ஸ்டேஷனில் நில். குட்டியை வெளியே விடச் சொல். நான் கூட வருகிறேன்.

அக்கா


பிப்ரவரி 9

அக்கா,

என்ன நடந்தது என்று நீ ஒரு வார்த்தை கேட்டாயா? துணி துவைக்கப் பாடம் எடுக்கிறாய். சரி, நானே சொல்கிறேன்.

குட்டி யாரையும் கேட்காமல் ரிஜிஸ்டர் ஆபீஸில் போய்க் கல்யாணக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தாள். நீ வாயை மூடிக்கொண்டாய். மாடு வெட்டுகிற கூடத்தில் கொக்கி வரிசையில் நிற்கிற பயல்கள் மூடிக்கொண்டார்களா? "என்னப்பா, உன் தங்கச்சி வெல்டரோட ஒட்டிக்கிட்டாளாமே, பத்த வெச்சது நீயா?" தினமும் இதே. ஒரு மாடு இறங்கினால் ஒரு சிரிப்பு. கேட்டுக்கொண்டே எத்தனை மாடுதான் கிழிப்பது? அன்று ஏப்ரனைக் கழற்றி வைத்துவிட்டு நேரே போனேன். பேசத்தான் போனேன்.

அவள் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். அவன் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் எச்சில் கையோடு எழுந்து, "வாங்க மச்சான், உக்காருங்க, ஒரு வாய் சாப்பிடுங்க" என்றான். மச்சான்! யார் யாருக்கு மச்சான்? சிரித்துக்கொண்டே சொன்னான் அக்கா. அவன் முறைத்திருந்தால், திட்டியிருந்தால், இரண்டு அறை விட்டுவிட்டு வந்திருப்பேன்.

என் கை கத்தியைத் தேடாது. கத்தி இருக்கிற இடம் அதற்கே தெரியும். விலாவுக்குக் கீழே, இடது பக்கம், சாய்த்து ஒன்று. மாட்டுக்கு எவ்வளவு இறக்க வேண்டும் என்று தெரிந்த கை, மனிதனுக்கு அளவு தெரியவில்லை. பிடி வரைக்கும் போய்விட்டது. உருவிக் கழுத்துக்குக் குறி வைத்தேன், தோளில் இறங்கியது. விழுவான் என்று பார்த்தேன். விழவில்லை. என் சட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நெஞ்சோடு நெஞ்சாக நின்றான். வயிற்றில் இன்னொன்று விட்ட பிறகுதான் பிடியை விட்டான். கத்தி அங்கேயே நின்றுவிட்டது. குட்டி என் முதுகில் ஏறி அடித்தாள். தோளைக் கடித்துச் சதையை எடுத்துவிட்டாள். இன்னும் சீழ் வைத்திருக்கிறது. அவளை உதறிச் சுவரில் வீசிவிட்டுப் பின்வழியாக வந்தேன்.

வருத்தமா என்று கேட்டால், இல்லை. உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன்.

குட்டி பொம்பளை. அழுதால் ஜட்ஜ் இரக்கப்படுவான். "அடிச்சான், தாங்க முடியல, குத்திட்டேன்" என்று சொல்லச் சொல். கொஞ்ச நாளில் விட்டுவிடுவார்கள். நான் உள்ளே போனால் போனதுதான். உனக்கு நான் வேண்டுமா, உன்னைக் கேட்காமல் ஓடினவள் வேண்டுமா?

இன்னொன்று. அவன் பேசிவிட்டால் சட்டையைத் துவைத்தும் பயனில்லை. நீ அந்தக் கட்டடத்தில்தான் இருக்கிறாய். துணி வண்டியைத் தள்ளிக்கொண்டு போகிறவளை எந்த மாடியிலும் எவனும் ஏன் என்று கேட்பதில்லை என்று நீயே சொல்லிச் சிரித்திருக்கிறாய். அவன் உடம்பில் எத்தனையோ டியூப் மாட்டியிருப்பார்கள். ஒன்று கழன்றால் யாருக்குத் தெரியப் போகிறது?

மேலே எழுதவில்லை. புரிந்தால் புரிந்துகொள்.

தம்பி


பிப்ரவரி 12

புரிந்தது.

இரண்டு தடவை படித்தேன். உனக்குப் பால் புட்டி பிடித்த கைக்கு நீ கொடுக்கிற வேலை இதுவா? நீ மனுஷன்தானா?

ஆனாலும் போனேன். உன் சொல்லுக்காகப் போகவில்லை. மூட்டையாகவே பார்த்துக்கொண்டிருந்தவனை முகமாக ஒரு தடவை பார்க்க வேண்டும் என்று வண்டியைத் தள்ளிக்கொண்டு மூன்றாம் மாடிக்குப் போனேன். வாயில் ஒரு குழாய், மூக்கில் ஒன்று, வயிற்றிலிருந்து மூன்று. வயிற்றை மூடித் தைக்கவே இல்லையடா, மேலே பிளாஸ்டிக்கைப் போட்டு ஒட்டி வைத்திருக்கிறார்கள். நர்ஸிடம் கேட்டேன், ஏன் இன்னும் துணி இவ்வளவு நனைகிறது என்று.

"ரத்தத்தை நிறுத்திட்டாங்கக்கா. இப்ப வர்றது வேற. கத்தி கணையத்தைக் கிழிச்சிடுச்சு. சாப்பாட்டைச் செரிக்கறதுக்குன்னு அங்க ஒரு நீர் சுரக்கும். அது குடலுக்குப் போகாம வயித்துக்குள்ள ஒழுகுது. சோறா சதையான்னு அதுக்குத் தெரியுமா? அவரோட சதையையே செரிச்சுக்கிட்டிருக்கு. இங்க வெட்டி, அங்க வெட்டி, உள்ளுக்குள்ளயே கரைக்குது. நாங்க உறிஞ்சி உறிஞ்சி எடுக்கறோம். அது ஊறிக்கிட்டே இருக்கு."

அது என் டிரம்மில் இருக்கிற ரகமேதான். குழாய் ஒழுகிய இடத்தில் அவன் இடுப்புத் தோல் உரிந்து செக்கச் செவேலென்று இருந்தது. நீ மூன்று தடவை குத்திவிட்டு வந்துவிட்டாய். குத்து இன்னும் நிற்கவில்லை. நீ மீன் வெட்டுகிற நேரத்திலும், சாப்பிடுகிற நேரத்திலும், தூங்குகிற நேரத்திலும் அது அவனுக்குள் நடந்துகொண்டே இருக்கிறது.

அவன் கண்ணைத் திறந்தான். என்னைத் தெரிந்துகொண்டான். எனக்குப் பின்னால் யாராவது வருகிறார்களா என்று பார்த்தான், திரும்பத் திரும்பக் கதவையே பார்த்தான். நான் துணியை மாற்றிவிட்டு ஓடிவந்துவிட்டேன். குழாய்களைத் தொடவில்லை. இனி அதைப் பற்றி ஓர் எழுத்து எழுதினாய் என்றால் நானே ஐஸ் ஃபாக்டரிக்கு வந்து உன் வாயைக் கிழிப்பேன்.

சட்டையை ஞாயிற்றுக்கிழமை ஊற வைக்கிறேன். அன்று எனக்கு லீவு. லாண்டரியிலிருந்து ஒரு டப்பா பொடி எடுத்து வந்திருக்கிறேன், இதுவரை அங்கிருந்து ஒரு பின் ஊசிகூட எடுத்ததில்லை. உன்னைக் கம்பிக்குப் பின்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை, அதற்காக மட்டும்தான். அதோடு உனக்கும் எனக்கும் தீர்ந்தது.

அக்கா


பிப்ரவரி 14

அக்கான்னா அக்காதான்!

மீசையிடமிருந்து கடிதத்தை வாங்கிப் பிரித்ததும் கத்தியே விட்டேன். தீர்ந்தது கீர்ந்தது என்றெல்லாம் நீ எழுதியதை நான் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. உன் வாய்தான் அப்படி.

நன்றாகத் தேய்த்து மடித்து வை. வியாழக்கிழமை பஸ் ஏறி வந்து வாங்கிக்கொள்கிறேன். நானே ஸ்டேஷனுக்குப் போய், "சார், சட்டையைத் தேடினீங்களாமே, வேலை தேடிப் போன இடத்துக்கு எடுத்துட்டுப் போயிட்டேன்" என்று மேஜை மேல் வைக்கிறேன். முகத்தைப் பார்த்தால் போதும், அந்த ஆள் நம்பிவிடுவான். பிறகு குட்டிக்கு ஒரு வக்கீலும் பார்க்கலாம். நானே பார்க்கிறேன். எனக்கும் பாசம் இல்லாமல் இல்லை.

இங்கே ஒருத்தன் எந்த ஊர், எந்த ஊர் என்று நச்சரித்துக்கொண்டிருந்தான். நேற்று மீன் வெட்டுகிற கட்டையில் அவன் கையை அமுக்கிப் பிடித்து, விரல்களுக்கு நடுவில் கத்தியை இறக்கினேன். ஒரு விரல் ஓரம் போய்விட்டது. இப்போது எவனும் கேட்பதில்லை.

காலரை உள்பக்கமும் பார். அவன் கை அங்கேதான் இருந்தது.

தம்பி


பிப்ரவரி 27

தம்பி,

ஜெயிலுக்கு வருகிற கடிதத்தைப் பிரித்துப் படித்துத்தான் கொடுப்பார்களாம். படிக்கட்டும். யார் உன்னைக் காட்டிக் கொடுத்தது என்று மீசையைச் சந்தேகப்படாதே. ஐஸ் ஃபாக்டரி என்று சொன்னது நான். வியாழக்கிழமை வரைக்கும் காத்திருக்க வேண்டாம், அங்கேயே போய்ப் பிடியுங்கள், கையில் கத்தி இருக்கும், பார்த்துப் போங்கள் என்று சொன்னதும் நான்தான்.

ஞாயிறு காலை சொன்னபடி சட்டையை ஊறப் போட்டேன். தண்ணீரை விரல் விட்டுப் பார்த்து, பொடியைக் கரைத்து, சட்டையை உள்ளே அமுக்கி, மேலே தட்டைக் கவிழ்த்து வைத்தேன். மதியத்துக்குள் தண்ணீர் டீ நிறமாகிவிட்டது. நெஞ்சுப் பக்கக் கறை விட்டுக்கொடுக்க ஆரம்பித்திருந்தது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ஆமாம், சந்தோஷமாகத்தான் இருந்தது, என்னைச் செருப்பால் அடி.

அது ஊறட்டும் என்று விட்டுவிட்டு, மாற்றுத் துணி எடுத்துக்கொண்டு குட்டியைப் பார்க்கப் போனேன். உதடு கிழிந்து வீங்கியிருந்தது. ஒத்துக்கொள், ஒத்துக்கொள் என்று வாயிலேயே அடித்திருக்கிறார்கள். உட்காரச் சொன்னால் உட்கார முடியவில்லை. பாதத்தில் அடித்ததில் நிற்கவும் முடியவில்லை. கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு பேசினாள்.

"அவரு இருக்காரா அக்கா? யாருமே சொல்ல மாட்டேங்கறாங்க."

"இருக்காரு. உன்னைத்தான் தேடறாரு."

"அவரு அண்ணன் சட்டையைப் பிடிச்சுக்கிட்டே நின்னாருக்கா. எங்கிட்ட வந்துடப் போறான்னு பிடிச்சு வெச்சாரு. அந்தச் சட்டை பூரா ரத்தம். அதைக் கண்டுபிடிங்க, போதும்னு சொல்றேன். சிரிக்கறாங்க. நீ தேடிப் பாரேன் அக்கா. உனக்குத்தானே அவன் எங்க எதை வெப்பான்னு தெரியும்."

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். என் விரல் இடுக்கிலெல்லாம் பொடி வாசனை. பயந்துபோய்க் கையை உருவிக்கொண்டேன். அப்போது அவள் என்னைப் பார்த்த பார்வையை உன்னிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது?

வந்த வழியெல்லாம் ஓடினேன். இந்த வயதில், தெருவில், செருப்பு ஒரு பக்கம் போக. வாளியைத் திறந்தால் நெஞ்சுக் கறை முக்கால்வாசி போய்விட்டது. காலரிலும் சட்டையின் இடது கைப்பக்கத்திலும் கொஞ்சம் இருந்தது. பொடி வெட்டிக்கொண்டே இருக்கிறது, நான் பார்த்துக்கொண்டு நிற்கும்போதே வெட்டுகிறது. அலசினால் போதாது, நூலுக்குள் புகுந்தது நின்று வெட்டும். கெட்டிலில் தண்ணீரை வைத்தேன். அது கொதிக்கிற வரைக்கும் நான் நின்ற நிலை என் எதிரிக்கும் வேண்டாம். கொதித்ததும் தண்ணீரை வடித்துவிட்டுச் சட்டைமேல் அப்படியே ஊற்றினேன். இன்னொரு கெட்டில் வைத்து அதையும் ஊற்றினேன். இத்தனை வருஷம் யார் யாருடைய கையையோ ஒடிப்பேன் என்று மிரட்டிய அதே காரியத்தைத் தெரிந்தே செய்தேன். பொடி செத்தது. மிச்சம் இருந்த ரத்தம் நின்றது. கொதிநீரிலேயே கையை விட்டுச் சட்டையை எடுத்தேன். வலது கை மணிக்கட்டு வரை வெந்துவிட்டது, இதை இடது கையால்தான் எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருக்கிறது என்று சிரிக்காதே.

சொட்டச் சொட்ட அதே வாளியில் ஸ்டேஷனுக்குக் கொண்டுபோனேன். "எங்கே இருந்துச்சும்மா?" "என் வீட்ல." "எவ்வளவு நாளா?" "ஆரம்பத்துலேர்ந்து." இன்ஸ்பெக்டர் எழுதிக்கொண்டார். காலர் மடிப்புக்குள் இருந்தது மனித ரத்தம்தான், அவனுடையதுதான் என்று பரிசோதனையில் வந்துவிட்டதாம். குட்டியை விடக் கோர்ட் உத்தரவு வர வேண்டும், இரண்டு மூன்று நாளாகும் என்கிறார்கள். என் மேலும் ஒரு கேஸ் எழுதியிருக்கிறார்கள். லாண்டரியில் வேலையை நிறுத்தி வைத்திருக்கிறார்கள்.

உன்னைப் பிடிக்கும்போது இரண்டு போலீஸ்காரர்களை வெட்டினாயாமே. உன் முழங்காலை உடைத்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். மருந்து கொடுக்கிறார்களா? எழுது.

அக்கா


மார்ச் 5

நீ அக்கா இல்லை. அந்த வார்த்தையை இனி எனக்கு எழுதாதே.

துவைக்கிறேன் என்று எழுதினாய். நான் குதித்தேன். என்னைக் குதிக்க வைத்துவிட்டுக் கழுத்தில் கயிற்றைப் போட்டாய். துவைக்க மாட்டேன் என்று எழுதியிருந்தால் இன்னும் தூரமாக ஓடியிருப்பேன். வெல்டர் என்னைச் சட்டையைப் பிடித்து நிறுத்தினான் என்றால் நீ கடிதத்தால் பிடித்து நிறுத்தினாய்.

இங்கே என்னோடு இருப்பவர்களிடம் சொன்னேன். என்னைக் கொடுத்தவள் என் கூடப் பிறந்தவள் என்று. ஒருத்தன் சிரித்தான். அவன் மூக்கு இப்போது பக்கவாட்டில் இருக்கிறது. எனக்குத் தனி அறை கொடுத்திருக்கிறார்கள், ஜன்னல் கிடையாது. முழங்கால் மடங்கவில்லை. மருந்து கிருந்து என்று உருகாதே.

வெளியே வந்தேன் என்றால் முதலில் உன்னைத்தான் வெட்டுவேன். சத்தியமாகச் சொல்கிறேன். குட்டியைக்கூட விட்டாலும் விடுவேன்.

அவன் செத்தானா? அதை மட்டும் எழுது. அதற்குப் பிறகு உன் எழுத்தே என் கண்ணில் படக்கூடாது.


மார்ச் 11

தம்பி,

செத்தான். மார்ச் முதல் தேதி சாயங்காலம். இனி உன் மேல் கொலைக் கேஸ்தான். சந்தோஷமா?

குட்டி மூன்றாம் தேதி வெளியே வந்தாள்.

ஸ்டேஷன் வாசலில் ஆட்டோ வைத்துக்கொண்டு காத்திருந்தேன். அவளுக்கு இன்னும் தெரியாது. ஏறியதும் "நேரா ஆஸ்பத்திரி" என்றாள். நான் சொல்ல வேண்டியதாகிவிட்டது. கத்துவாள், என் மேல் விழுந்து அடிப்பாள் என்று நினைத்தேன். "ஆஸ்பத்திரிக்குத்தான் போகணும்" என்றாள். டிரைவர் திரும்பிப் பார்த்துக்கொண்டே இருந்தான். பிணவறையில் அவனைக் காட்டினார்கள். வயிற்றில் கட்டிய துணி எங்கள் லாண்டரித் துணி. அவள் அதைத் தடவிக்கொண்டே நின்றாள். நர்ஸ் வந்து, "கடைசி வரைக்கும் கதவையேதாம்மா பாத்துக்கிட்டிருந்தாரு. யார் உள்ளே வந்தாலும் தலையைத் தூக்கினாரு" என்றாள். ஆறுதலாகத்தான் சொன்னாள், பாவம்.

வெளியே வந்து குட்டி என்னைக் கேட்டாள்.

"சட்டை உன் வீட்லதான் இருந்துச்சா?"

"ஆமா."

"நீ என்னைப் பாக்க வந்த அன்னிக்கும்?"

"ஆமா. ஊறிக்கிட்டு இருந்துச்சு."

"மொத நாளே கொண்டுபோய்க் கொடுத்திருந்தா நான் அவர் பக்கத்துல இருந்திருப்பேன். அவ்வளவு நாளும் அவர் கதவைப் பாத்தாரு, நான் சுவரைப் பாத்தேன், நீ சட்டையைப் பாத்துக்கிட்டு இருந்திருக்கே." பிறகு, "அவன் குத்தினான், ஒரு நிமிஷத்துல முடிஞ்சுது. நீ இத்தனை நாள் குத்தியிருக்கே அக்கா" என்றாள்.

அவனை எடுத்துக்கொண்டுபோய்க் காரியம் முடித்ததும் அவனுடைய அம்மாவோடு போய்விட்டாள். எந்த ஊர் என்று எனக்குச் சொல்லவில்லை. வெந்த கைக்குக் கட்டு மாற்ற ஆஸ்பத்திரிக்குப் போகும்போதெல்லாம் அந்த நர்ஸைக் கேட்கிறேன், அவளுக்கும் தெரியவில்லை.

நீ எழுதியதற்கும் பதில் சொல்லிவிடுகிறேன். உன்னை மாட்டிவைக்கத் துவைக்கிறேன் என்று எழுதவில்லை. எழுதியபோது துவைக்கத்தான் நினைத்தேன், துவைக்கவும் செய்தேன். மாலையைப் பாதியில் வெட்டி, பாதியில் நிறுத்தி, உன்னையும் காப்பாற்றவில்லை, அவளுக்கும் நேரத்தில் உதவவில்லை. இரண்டு பேருக்கும் நல்லவளாக இருக்கப் பார்த்து இரண்டு பேரையும் தொலைத்தேன். இதற்கு மேல் என்னை நீ வெட்ட என்ன இருக்கிறது? இருந்தால் வெட்டிக்கொள்.

இன்ஸ்பெக்டரிடம் சட்டையைக் கொடுத்ததற்கு மட்டும் உன்னிடம் மன்னிப்புக் கேட்க மாட்டேன். தாமதமாகக் கொடுத்ததற்கு அவளிடம் கேட்கலாம் என்றால் அவள் இருக்கிற இடம் தெரியவில்லை.

கைதிகளைப் பார்க்க வியாழக்கிழமை விடுகிறார்கள் என்று கேட்டில் சொன்னார்கள். போன வியாழன் வந்தேன். உன்னைக் கூப்பிட்டார்கள், நீ வர மாட்டேன் என்று சொல்லிவிட்டாயாம். வருகிற வியாழனும் வருவேன். உன்னைப் பார்க்க வேறு நாதி கிடையாது, எனக்கும் போக வேறு வீடு கிடையாது. முழங்காலை எப்படிக் கட்டியிருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும்.

பேச வேண்டாம். திட்டுவதற்காவது வாடா.

அக்கா